டெஸ்ட் எல்லாம் நார்மல், ஆனால் வலிக்கிறதே!

(நமது கிளப் ஹவுஸில் சென்ற மாதம் இரண்டாவது ஞாயிறு மாலை நடந்த உடல்நலக் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் பொது மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத பலரும் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியிடுகிறோம். இறுதியில் சில கேள்வி பதில்களும் உள்ளன. – ஆசிரியர் குழு)



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் கிரிக்கெட் ஓடும்போது இத்தனை பேர் கீழே இறங்கி வந்திருப்பதே பெரிய விஷயம். சர்க்கரை நோயைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் நம் செயலாளர் என்னைக் கேட்டார். தலைப்பை மாற்றியது நான்தான். ஏன் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, ஒரு மணி வாக்கில் நம் கேட்டுக்குள் ஆம்புலன்ஸ் வந்தது. நாற்பது வயதுகூட ஆகாத ஒருவரை வீல் சேரில் வைத்து லிஃப்டில் இறக்கினோம். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். நெஞ்சை அழுத்துகிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, நான் செத்துடுவேனா?" என்று கேட்டார். நானும் கூடவே போனேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இரத்தத்தில் ட்ரோபோனின் பார்த்தார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். எக்கோ எடுத்தார்கள். எல்லாம் நார்மல். விடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் லிஃப்டில் ஏறவே இல்லை. எல்லா மாடியும் படியேறியே போனார். உடற்பயிற்சி செய்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்டபோதுதான் சொன்னார்: "லிஃப்ட்ல யாராவது ஹார்ட் அட்டாக்கான்னு கேப்பாங்க ஆன்ட்டி. இல்லைன்னு சொன்னா, அப்ப என்னன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

அன்று காலை நம் வாட்ஸ்அப் குழுவில் "ஹார்ட் அட்டாக்காம்" என்று வந்தது. மதியம், "ஒண்ணுமில்லையாம், சும்மா டென்ஷன்தானாம்" என்று வந்தது. கீழே சிரிக்கும் பொம்மைகள் நாலைந்து. யாரும் கெட்ட எண்ணத்தில் போடவில்லை, நிம்மதியில் போட்டதுதான். ஆனால் அவரைப் படியேற வைத்தது அந்த 'சும்மா'தான். இன்று நான் பேசப்போவது அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மன அழுத்தத்தாலும் பதற்றத்தாலும் வரும் வலி நிஜமான வலி. கற்பனை இல்லை, நடிப்பு இல்லை, பலவீனம் இல்லை. டெஸ்ட் நார்மல் என்றால் 'நாங்கள் தேடிய நோய் இல்லை' என்று பொருள். 'உங்களுக்கு வலிக்கவில்லை' என்று பொருள் இல்லை.

போன வருஷம் பி பிளாக்கில் சாம்பிராணிப் புகைக்கு ஃபயர் அலாரம் அடித்தது நினைவிருக்கிறதா? சத்தம் பொய்யா? காதைக் கிழித்தது. குழந்தைகள் அழுதார்கள். நெருப்பு மட்டும்தான் இல்லை. நம் உடம்புக்குள்ளும் அப்படி ஓர் அலாரம் இருக்கிறது. ஆபத்து என்று மூளை முடிவு செய்தால், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, அட்ரினலினை இரத்தத்தில் கொட்டும். எதிர்த்துச் சண்டை போட, அல்லது ஓட, உடம்பு தயாராகும். வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார்.

எதிரே நிற்பது மாடு என்றால் இந்த ஏற்பாடு உயிரைக் காப்பாற்றும். எதிரே நிற்பது வீட்டுக் கடன் தவணை, ஆட்குறைப்பு வதந்தி, மகளின் பிளஸ் டூ ரிசல்ட் என்றால் யாரோடு சண்டை போடுவது? எங்கே ஓடுவது? சோபாவில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்குள் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. அதுதான் சிக்கல்.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதயம் வேகமாக அடிப்பதால் படபடப்பு. மார்புத் தசைகள் இறுகுவதால் நெஞ்சு அழுத்தம். பதற்றத்தில் தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விடுகிறோம். அதனால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும், விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும், சிலருக்குக் கைவிரல்கள் இழுத்துக்கொள்ளும். மூச்சு போதவில்லை என்று தோன்றும். உண்மையில் நடப்பது அதிகமாக மூச்சு விடுவதுதான். தொண்டைத் தசை இறுகினால் ஏதோ உருண்டை அடைத்தது போல இருக்கும். கழுத்துத் தசை நாள் முழுக்க இறுகியே இருந்தால் சாயங்காலம் தலையைச் சுற்றிப் பட்டை கட்டியது போல வலி. குடலின் சுவரில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவை. பரீட்சை நாளில் காலையில் மூன்று தடவை பாத்ரூம் போனவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நம் தமிழுக்கு இது எப்போதோ தெரியும். 'வயிற்றைக் கலக்குது', 'நெஞ்சு பகீர்னுது', 'கை கால் வெலவெலத்துப் போச்சு', 'துக்கம் தொண்டையை அடைக்குது' என்கிறோம். மனசுக்கு நடப்பதைச் சொல்ல உடம்பைத்தானே கூப்பிடுகிறோம்? பேச்சில் ஒப்புக்கொண்டதை மருத்துவரின் அறையில் மட்டும் ஒப்புக்கொள்ளக் கூச்சப்படுகிறோம்.

குறிப்பாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சிரைப்பு என்று மருத்துவமனைக்கு வந்தார்கள். பரிசோதித்தால் பலருக்கு இதயத்தில் நோயின் அடையாளமே இல்லை. டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். முதல் உலகப் போரிலும் இதே கதை. 'சிப்பாய் இதயம்' என்றே பெயர் வைத்தார்கள். பீரங்கிக்கு முன்னால் நின்றவர்களை யாரும் கோழை என்று சொல்ல மாட்டோம் அல்லவா? அதே மரியாதையை ஆபீஸ் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் கொடுப்போம்.

இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த ஆரம்ப வருஷங்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, தீராத வயிற்று வலி என்று வந்தார். ஸ்கேன் பார்த்தேன், இரத்தம் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. "உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா, தைரியமா இருங்க" என்று அனுப்பிவிட்டேன். நல்ல செய்தி சொன்ன திருப்தி எனக்கு. இரண்டு வருஷம் கழித்து ஒரு மஞ்சப்பையோடு வந்தார். பை நிறைய ரிப்போர்ட். நாலு டாக்டர்கள், இரண்டு எண்டோஸ்கோப்பி, மூன்று ஸ்கேன். கையில் இருந்த வளையல் இரண்டும் அடகுக் கடையில். என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே டாக்டரம்மா, அப்ப நான் பொய் சொல்றேன்னு அர்த்தமா?"

அன்றுதான் முதல் தடவையாக, "வலி எப்பம்மா ஆரம்பிச்சுது? அப்ப வீட்டில என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன். கல்யாணமாகி எட்டு மாதத்தில் மகள் பெட்டியோடு திரும்பி வந்த மாதம். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. முதல் நாளே நான் கேட்டிருந்தால் அந்த வளையல்கள் கையிலேயே இருந்திருக்கும். அன்றிலிருந்து 'ஒன்றும் இல்லை' என்ற சொல்லை நான் நோயாளியிடம் சொல்வதில்லை.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. அது உயிரையே வாங்கும். 'எல்லாம் டென்ஷன்தான்', 'வாயுத் தொல்லைதான்' என்று நாமே முடிவு கட்டுவது. அலாரம் அடித்தால் முதலில் நெருப்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். மாரடைப்பு எல்லோருக்கும் சினிமாவில் வருவது போல வராது. பெண்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும், வயதானவர்களுக்கும் வெறும் மூச்சிரைப்பு, வியர்வை, மேல்வயிற்றில் ஒரு சங்கடம், தாங்க முடியாத அசதி என்று மட்டும்கூட வரலாம். அதனால் புதிதாக நெஞ்சு வலி வந்தால் இஞ்சிச் சாறு குடித்துக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். போய் நார்மல் என்று வந்தால் அது வெட்கப்படவேண்டிய விஷயமே இல்லை.

வேறு சில அறிகுறிகளையும் டென்ஷன் கணக்கில் எழுதக் கூடாது. காரணமில்லாமல் எடை குறைவது. மலத்தில் இரத்தம் அல்லது கறுப்பாகப் போவது. விடாத காய்ச்சல். நடந்தால், மாடி ஏறினால் வந்து, நின்றால் அடங்கும் நெஞ்சு வலி. மயங்கி விழுவது. ஒரு பக்கக் கை காலில் பலவீனம், பேச்சுக் குழறல். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி. தினமும் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி. இவற்றுக்கு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

படபடப்பும் அசதியும் நீடித்தால் சில எளிய பரிசோதனைகள் அவசியம்: இரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு. சைவ உணவுக்காரர்கள் பி12 அளவையும் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், அச்சு அசல் பதற்றம் போலவே இருக்கும். சாப்பிடும் மாத்திரை, இன்ஹேலர் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சில ஆஸ்துமா மருந்துகளே படபடப்பைத் தரும்.

ஒழுங்காக ஒரு தடவை பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல். இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். ரிப்போர்ட் வந்த அன்று நிம்மதி. நாலு நாள் கழித்து, 'அந்த லேப் சரியில்லையோ' என்று ஒரு எண்ணம். கூகுளில் தேடல். இன்னொரு டாக்டர், இன்னொரு ஸ்கேன். கை வாட்சில் நாடித்துடிப்பு, ஆக்சிமீட்டர், பி.பி. மெஷின் என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை. ஒவ்வொரு தடவை சோதிக்கும்போதும் 'ஏதோ ஆபத்து இருக்கிறது' என்றுதான் மூளைக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அலாரம் இன்னும் கூர்மையாகிறது. தேவையில்லாத ஸ்கேன் எடுத்தால் வயசுக்கேற்ற டிஸ்க் தேய்மானம் போல ஏதாவது ஒன்று தெரியத்தான் செய்யும். அது புதுக் கவலையாகும்.

இதை நிறுத்த என்ன செய்யலாம்? ஐந்து விஷயங்கள் சொல்கிறேன்.

ஒன்று, ஒரே ஒரு குடும்ப மருத்துவரை வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லாதபோது மட்டும் ஓடாமல், மாதம் ஒரு தடவை என்று நாள் குறித்துப் போங்கள். அடுத்த டெஸ்ட் வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

இரண்டு, இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், என்ன நினைத்தேன், முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினேன், எத்தனை காபி. நம் நண்பர் எழுதிப் பார்த்தார். பெரும்பாலும் ஞாயிறு ராத்திரியும், தவணை கட்டும் தேதிக்கு முந்தின ராத்திரியும்தான். தன் கையெழுத்தில் அதைப் பார்த்தபோது பாதி பயம் போய்விட்டது என்றார்.

மூன்று, மூச்சு. வயிற்றில் கை வைத்துக்கொண்டு, நாலு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். ஐந்து நிமிஷம். நன்றாக இருக்கும்போதே தினமும் பழகுங்கள். அப்போதுதான் பதற்றத்தில் கை கொடுக்கும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். உண்மையிலேயே இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் அது ஆபத்து.

நான்கு, மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். டிகாக்‌ஷன் காபி நம் குலதெய்வம்தான், தெரியும். ஆனால் காபியும் படபடப்பைத்தான் தரும். தினமும் அரை மணி நேர நடை. நம் காம்பவுண்டைச் சுற்றியே போதும்.

ஐந்து, பயந்து ஒதுக்கிய வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்குங்கள். பஸ்ஸில் வந்தது என்று பஸ்ஸையும், கூட்டத்தில் வந்தது என்று கல்யாணங்களையும் விட்டுக்கொண்டே போனால், கடைசியில் வீட்டுக்குள்ளேயே அடைந்துவிடுவோம்.

இதெல்லாம் போதவில்லை என்றால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். பயமுறுத்தும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் சிகிச்சை இதற்கு நன்றாக வேலை செய்கிறது. சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். பதற்றத்துக்கு இன்று முதலில் தரப்படும் மாத்திரைகள் தூக்க மாத்திரைகள் இல்லை, அடிமையாக்குபவையும் இல்லை. பலன் தெரியச் சில வாரம் ஆகும், முதல் சில நாள் குமட்டல் இருக்கலாம், டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான்.

போக முடியாதவர்கள், போகக் கூச்சப்படுபவர்கள், 14416 என்ற எண்ணைக் கூப்பிடலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

கடைசியாக, அக்கம்பக்கத்தாராக நாம் என்ன செய்யலாம்? பிள்ளைகள் வெளிநாட்டில், இங்கே இருவர் அல்லது ஒருவர் மட்டும் என்று நம் வளாகத்தில் எத்தனை வீடுகள்! லீவு முடிந்து பேரப்பிள்ளைகள் ஏர்போர்ட் போன மறுநாள் தலைசுற்றல் என்று என்னிடம் வருகிறார்கள். பி.பி.யும் பார்க்கிறேன், சாப்பிட்டீர்களா என்றும் கேட்கிறேன். இரண்டும் வைத்தியம்தான். நைட் ட்யூட்டி செக்யூரிட்டி அண்ணன் வயிறு சரியில்லை என்றால், அவருக்கும் ஊரில் ஒரு வீடும் அதில் ஒரு கவலையும் இருக்கும் என்று நினையுங்கள்.

'மனசைத் தைரியமா வெச்சுக்கோ', 'வேலை வெட்டி இல்லைன்னா இப்படித்தான்' என்றெல்லாம் சொல்ல வேண்டாம். 'ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்ல? நான் கூட வரட்டுமா?' என்று கேளுங்கள்.

நம் நண்பர் இப்போது லிஃப்டில்தான் வருகிறார். ஆலோசகரைப் பார்க்கிறார். இடையில் இன்னொரு தடவையும் வந்தது; மூச்சுப் பயிற்சி செய்துகொண்டே உட்கார்ந்திருந்தாராம், இருபது நிமிஷத்தில் அடங்கிவிட்டது என்றார். அவர் யார் என்று தெரிந்தவர்கள் லிஃப்டில் பார்த்தால், "சாப்பிட்டாச்சா தம்பி?" என்று கேளுங்கள். அது போதும்.



கேள்வி பதில்

இது பதற்றமா, மாரடைப்பா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

முடியாது. பதற்றத் தாக்குதல் பொதுவாகப் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்தில் தணியத் தொடங்கும். ஆனால் இதை வைத்து நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதல் தடவை வந்தாலும், வழக்கத்தைவிட மாறுபட்டு வந்தாலும் மருத்துவமனைதான். டாக்டர் பரிசோதித்து, இது பதற்றம்தான் என்று உறுதி செய்த பிறகு, அதே மாதிரி வந்தால் மட்டும் மூச்சுப் பயிற்சி.

பக்கத்து வீட்டு மாமி தரும் அரை மாத்திரை போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது. தொடரலாமா?

வேண்டாம். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் உடனே இதமாக இருக்கும். சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும். வயதானவர்களுக்கு ராத்திரி தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறியும் ஆபத்தும் உண்டு. ஏற்கெனவே நாள்கணக்கில் போட்டு வந்தவர்கள் திடீரென்று நிறுத்தாமல், டாக்டரைக் கேட்டுக் குறைக்க வேண்டும். சர்க்கரை டப்பாவைக் கைமாற்றலாம், மாத்திரை அட்டையைக் கைமாற்றக் கூடாது.

எனக்கு ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருக்கிறது. எனக்கும் பதற்றம் வரலாமா?

வரலாம், பலருக்கு வருகிறது. நோயும் பயமும் ஒரே உடம்பில் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே கவனிக்க வேண்டும். நெஞ்சு வலி வந்தால் நீங்கள் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஆனால் எல்லா நாளும் பயத்திலேயே கழிகிறது என்றால், அதையும் உங்கள் இதய மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மனநல சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் உண்டா?

2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. மருத்துவமனையில் சேராமல் பார்க்கும் ஆலோசனைக் கட்டணம் கிடைக்குமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். புதுப்பிக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.